நான் எடுத்துக்கொடுக்காத பதில்

2008-ஆம் வருடம் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த ஊனமுற்றோர் முகாமுக்கு என் மூத்த மகளை அழைத்துப் போயிருந்தேன். அப்போது அவளுக்குப் பத்து வயது. மூளை வளர்ச்சி குறைவு என்று சின்னக் குழந்தையாக இருக்கும்போதே சொல்லிவிட்டார்கள்.

எங்களுக்குக் கிள்ளை பக்கம் ஒரு மீனவர் குப்பம். வீட்டுக்காரர் கடலுக்குப் போவார், நான் கூடை சுமந்து மீன் விற்பேன். இவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்று சிதம்பரத்தில் ஒரு பள்ளி இருந்தது. ஆனால் தினமும் இரண்டு பேர் பஸ்ஸில் போய்வர எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அரசாங்க அடையாள அட்டை கிடைத்தால் அவளுக்கும் துணைக்குப் போகும் எனக்கும் இலவச பஸ் பாஸ் தருவார்கள் என்றார்கள். அந்த அட்டைக்குத்தான் முகாம்.

டாக்டர் கேள்வி கேட்பார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சும்மா இருப்பேனா நான்? இங்கிலீஷ் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வீட்டில் வைத்து உருப்போட வைப்பார்களே, அதே மாதிரி தினமும் சொல்லிக்கொடுத்தேன். பேர், அப்பா பேர், ஊர், அப்புறம் ஒன்றிலிருந்து பத்து வரை. தப்பினால் மறுபடி முதலிலிருந்து. பாவம், பாட்டு மாதிரி மனப்பாடம் செய்துவிட்டாள்.

முகாமில் புது கவுன், தலை நிறையக் கனகாம்பரம். டாக்டர் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். தடுமாறிய இடத்தில் நான் பின்னால் நின்று மெதுவாக எடுத்துக்கொடுத்தேன். "பரவாயில்லையே, நல்லா சொல்றியே!" என்றார் அவர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மேசையில் இருந்தவர் டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்துவிட்டு, "கொறை ரொம்ப லேசுன்னு போட்டிருக்கும்மா. இதுக்கு அட்டை கெடைக்காது" என்றார். மீன் விற்கிற வாய் ஆயிற்றே, கத்தித் தீர்த்துவிட்டேன். அவர் என்ன செய்வார்? எழுதியதுதானே அவர் கையில் இருக்கிறது.

வாசலில் ஒரு அம்மா, தோளுக்கு மேல் வளர்ந்த தன் மகனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததையெல்லாம் பார்த்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டு, "வூட்டுல சொல்லிக்குடுத்து இட்டாந்தியா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் சிரித்துவிட்டார்.

"நானும் மொத தடவ அப்டித்தான் பண்ணேன். இங்க மொத மார்க்கு வாங்குனா வெறுங்கையோட வூட்டுக்குப் போவ வேண்டியதுதான். புள்ளைக்கு என்னா வராதுன்னு சொல்லணும் தங்கச்சி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எம்புள்ளையப் பத்தி நானே எறக்கிப் பேசணுமா?" என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அவ காதுல வுழாம பேசு. நான் வரேன் தொணைக்கு" என்றார்.

சொன்னபடி செய்தார். கடலூர் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கச் சொன்னதும் அவர்தான். மறுபடி பரிசோதிக்கத் தேதி கொடுத்தார்கள். அன்றைக்குத் தன் மகனைத் தங்கையிடம் விட்டுவிட்டு எங்களோடு கடலூருக்கு பஸ் ஏறினார். முன்பின் தெரியாத எனக்காக எதற்கு இவ்வளவு என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

கடலூர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். "காலைல என்னம்மா சாப்ட்ட?" என்று மகளிடம் கேட்டார்.

"கிள்ளை" என்றாள் என் மகள். ஊர் பெயர் கேட்டால் சொல்ல வேண்டிய பதில் அது.

"இட்லின்னு சொல்லுடி" என்பது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். டாக்டர் மறுபடியும் கேட்டார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எப்போதும் எடுத்துக்கொடுக்கிற அம்மா இன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கிற பார்வை. ஐயோ, அதை என்னால் தாங்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மா மகளை வெளியே கூட்டிப் போனார். அதன்பிறகு நான் வாயைத் திறந்தேன். குளிக்கத் தெரியாது, பொத்தான் போட வராது, கடைத்தெருவில் கையை விட்டால் திரும்பி வரத் தெரியாது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பெற்ற பிள்ளையை நானே காட்டிக்கொடுப்பது போல இருந்தது. டாக்டர் அவசரப்படுத்தாமல் கேட்டு எழுதிக்கொண்டார். "இந்தத் தடவ கெடச்சிரும்மா" என்று சொல்லி அனுப்பினார்.

அழுதுகொண்டே வெளியே வந்தேன். மகள் ஓடி வந்து என் முந்தானையைப் பிடித்தாள். தான் சரியாகச் சொல்லாததால்தான் அம்மா அழுகிறாள் என்று நினைத்துவிட்டாள் போல.

"அழுவாத ம்மா. நா சொல்றேன்" என்றாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று தன் பேர், அப்பா பேர், ஊர், ஒன்றிலிருந்து பத்து வரை, ஒன்றுகூடத் தப்பாமல், விரலை நீட்டி நீட்டிச் சொல்லி முடித்தாள். நான் எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை. அந்த அம்மா கைதட்டினார். நான் அவளைக் கட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுதேன்.

அட்டையும் வந்தது, பாஸும் வந்தது. அந்தப் பள்ளிக்குப் போய்த்தான் அவள் பொத்தான் போடக் கற்றுக்கொண்டாள். முதல் முதலாக ஒரு பொத்தானைத் தானே போட்ட அன்று, அந்த அம்மா வீட்டுக்கே கூட்டிப் போய்க் காட்டினேன்.

இப்போதும் எங்கள் பக்கத்தில் யாராவது பிள்ளையை முகாமுக்கு அழைத்துப் போனால் நானும் துணைக்குப் போகிறேன். தாய் உள்ளே பேசி முடிக்கும்வரை வாசலில் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து, அதற்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பேன்.