வெள்ளை பூசாத காட்டேரி

எடுத்ததும் கழுத்தைத்தான் பார்ப்பாள் ஜெசிந்தா. மணப்பெண் முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும், இவள் தாடையை நிமிர்த்தி, கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மேக்கப் பெட்டியைத் திறப்பாள். முகத்தில் என்ன பூசினாலும் கழுத்து காட்டிக்கொடுத்துவிடுமே என்கிற தொழில் கவலை. பின்னால் பெண்ணின் பெரியம்மாவோ மாப்பிள்ளையின் அத்தையோ நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் கலர் ஏத்தும்மா, இன்னும் கொஞ்சம் என்று நச்சரிப்பார்கள். திண்டிவனத்து மண்டபம் ஆகட்டும், திருவக்கரைக் கோயில் கல்யாணம் ஆகட்டும், எங்கே போனாலும் இதே பாட்டுதான். பக்கத்து வீட்டுக்காரி என்று துணைக்குப் போய்க் கேட்கிற எனக்கே பற்றிக்கொண்டு வரும். அந்தப் பெண் தன் நிறத்தோடு மணவறையில் உட்கார்ந்தால் இவர்களுக்கு என்ன குடிமுழுகிப் போகும்?

மண்டபத்தில் ஜெசிந்தா வாயைத் திறக்க மாட்டாள். சிரித்த முகமாகப் பூசிவிடுவாள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பிறகுதான் வெடிப்பாள். "பொண்ண கூட்டிக்கினு வர்றாங்களா, மைதா மாவ தூக்கிக்கினு வர்றாங்களான்னே தெரியல."

அவளும் நல்ல கறுப்பு. களையான கறுப்பு என்று சொல்ல வந்தேன். சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. கறுப்புன்னு சொல்லி நிறுத்த மாட்டீங்களா என்பாள். அவளுடைய கல்யாணப் படம், வெளேரென்று, வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, உங்க தங்கச்சிங்களா என்று மரியாதையாகக் கேட்டாராம்.

இந்த வருஷம் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. அக்டோபர் கடைசி நாளில் வெளிநாட்டில் பேய்வேஷம் கட்டிக் கூத்தடிக்கிறார்களே, அந்த ஹாலோவீனுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். சாதாரணப் பேய் இல்லை, கோத்திக் வேம்பயர், ரத்தம் குடிக்கிற சீமைக் காட்டேரி. உயர்ந்த காலர், தரையில் புரளும் அங்கி, இருட்டுக் கட்டடம், கோரைப்பல். "ஊருக்கெல்லாம் மூஞ்சி மாத்திக்கினே கெடக்கறேன். ஒரே ஒரு போட்டோ எம் மூஞ்சியாவே வேணும். அதத்தான் என் பேஜ்ல மொதல்ல போடப் போறேன்" என்றாள். காட்டேரி வேஷத்தில்தான் ஒருத்திக்குத் தன் முகம் கிடைக்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

கல்யாண மேடை போடுகிறவர்களிடம் மிஞ்சிய கறுப்பு வெல்வெட்டை வாங்கி அவளே அங்கி தைத்தாள். விழுப்புரத்தில் பல் செட் கட்டுகிறவர் ஒருவரிடம் வாயைத் திறந்து அளவு கொடுத்து இரண்டு கோரைப்பல் செய்துகொண்டாள். வெல்லப்பாகில் சிவப்புக் கலர் பொடி போட்டுக் காய்ச்சியதில் ரத்தம் தயார். கடலை எண்ணெய் ஆட்டி, இப்போது ஓடாமல் கிடக்கும் மல்லாட்டை மில் ஷெட் ஒன்றில் எடுக்க அனுமதியும் வாங்கிவிட்டாள்.

படம் எடுப்பவன் சீனுவாசன். இவள் மேக்கப் போடும் கல்யாணங்களுக்கெல்லாம் அவன்தான் ஆல்பம் போடுகிறான், அக்கா அக்கா என்று அவள்மேல் உயிரை விடுவான். படம் எடுக்கிற அன்றைக்குக் காலையில் ஜெசிந்தா கல்லறைத் திருநாளுக்காக அப்பாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, நகக்கண்ணில் வெள்ளையோடு மில்லுக்கு வந்தாள். கண்ணைச் சுற்றி இருட்டாக மை தீட்டினாள், உதட்டில் ரத்தம் வைத்தாள், அவ்வளவுதான். சீனுவாசன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"கொஞ்சம் வெள்ளையா பூசிக்கினு வாக்கா. வேம்பயர்னா செத்த பொணமாச்சே."

"எங்கப்பா செத்தப்ப நான்தான்டா மூஞ்ச தொடச்சி உட்டேன். கறுப்பாத்தான் கெடந்தாரு. நம்மூர்ல யார்டா செத்து வெள்ளையாவுறான்?"

அவன் கேமராவைக் கையில் எடுத்தான். பக்கத்து வீட்டுக்காரி என்கிற பாவத்துக்கு நான் தெர்மாகோல் அட்டையைப் பிடித்து அவள் முகத்தில் வெளிச்சம் அடித்தேன். துருப்பிடித்த செக்குக்குப் பக்கத்தில் அங்கியை விரித்துக்கொண்டு அவள் நிமிர்ந்து பார்த்தபோது, நிஜமாகவே பயந்துவிட்டேன். அத்தனை அழகாக இருந்தாள்.

மறுநாள் போனில் படம் வந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரி கோரைப்பல்லோடு நின்றாள். கழுத்துகூட வெள்ளை. ஜெசிந்தா போட்டது போட்டபடி என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனாள். போகிற வழியெல்லாம் சீனுவாசனுக்கு அர்ச்சனை.

அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். வேண்டுமென்று செய்யவில்லையாம். படங்களை ஏற்றியதும் கம்ப்யூட்டர் தானாகவே வெளுத்துவிடுகிறது. முகமும் கழுத்தும் ஒத்துப்போக எவ்வளவு வெளுக்க வேண்டும் என்று பல வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை அளவு வைத்தது, அன்று முதல் எல்லா மணப்பெண்ணும் அதற்குள் புகுந்துதான் ஆல்பத்துக்கு வருகிறாள். அந்த அளவைத் திரையில் காட்டினான். அதற்கு அவன் வைத்திருந்த பெயர், ஜெசிந்தா அக்கா.

பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அளவு சொன்னவள் அவளேதான். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் போயிற்று. வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தவள், தன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அசல் படம் பத்திரமாக இருக்கிறது, உனக்கு மட்டும் இருக்கிறபடியே போட்டுத் தருகிறேன் என்றான் சீனுவாசன்.

"எனக்கு மட்டும் இன்னாத்துக்கு? இந்த அளவயே தூக்கிடு."

"அடுத்த வாரம் செஞ்சிக்காரங்க ஆல்பம் இருக்குதுக்கா. பொண்ணு கறுப்பா வந்தா நம்ம ரெண்டு பேரையும் சேத்து தொரத்திடுவாங்க. அப்புறம் எவன் கூப்புடுவான்?"

அவள் திரையைக் காட்ட, அவன் மனமில்லாமல் அந்தப் பெயரைத் தட்டினான். இந்த அளவை நிரந்தரமாக அழிக்கலாமா என்று திரையில் கேள்வி வந்து நின்றது. சீனுவாசனின் விரல் மவுஸ் மேலேயே கிடந்தது. ஜெசிந்தா குனிந்து, அந்த விரலின் மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள்.