முன்கூட்டியே எழுதிய நான்கு நாட்கள்

வீட்டு ஜெபம் முடிந்ததும் அந்த வாரம் நான் செய்த தப்பை முதலில் நான் சொல்லிவிட்டுத்தான் உங்களைக் கேட்பேன். உங்களுக்கு அது எப்போதும் கேலி. "அப்பா, இந்த வாரம் என்ன திருட்டு?" என்று பெரியவன் கேட்பான். "அப்பாவுக்கு மட்டும் எப்படி வாரா வாரம் கெடைக்குது?" என்று சின்னவள் கேட்பாள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது எழுதி வைக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அப்போது நான் பொதுப்பணித் துறையில் லஸ்கர். வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடி, நீர்மட்டம் பார்த்து நோட்டில் எழுதுவது வேலை. எங்கள் தெருவில் முதல் சர்க்கார் வேலை என்னுடையதுதான். என் அப்பா அடுத்தவர் வயலில் நடவு நட்டவர். நான் காக்கிச் சட்டை போட்டு மதகு மேல் நிற்பதை அவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போவார். அந்த வேலை போனால் நான் என்ன ஆவேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு நான் வகுப்பு எடுத்தேன். போதகர்தான் என்னைப் பிடித்து அதில் உட்கார வைத்தார். வசனம் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில் அந்தப் பிள்ளைகள் புலிகள். வெளியே போனதும் எல்லாம் மறந்துவிடும். அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். ஒவ்வொருவரும் அந்த வாரம் செய்யப்போவது ஒன்றைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த ஞாயிறு எழுந்து நின்று, செய்தேனா இல்லையா என்று சொல்ல வேண்டும். "செய்யலன்னா செய்யலன்னு சொல்லுங்க. செஞ்ச மாதிரி மட்டும் சொல்லாதீங்க" என்பது சட்டம். எனக்கு அந்தச் சட்டம் கிடையாது. நான் வாத்தியார் அல்லவா!

அந்த எட்டுப் பேரில் ஒரு பெண் பத்தாவது படித்தாள். அவள் அப்பா ஒன்றரை ஏக்கர் குத்தகைக்குச் செய்தவர். எட்டாவதோடு அவளை நிறுத்தப் பார்த்தார். நான்தான் நாலு தடவை வீட்டுக்குப் போய்ப் பேசிப் பள்ளிக்கூடத்தில் தொடர வைத்தேன். அதனால் அவளுக்கு என் மேல் ஒரு பிரியம், நன்றிக்கடன் மாதிரி.

ஆட்சி மாறி, குத்தகைக்காரர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்திருந்த காலம். எந்த ஊரிலும் நிம்மதி இல்லை. பதிவானவரை எப்படி வெளியேற்றுவது என்று மிராசுதார்கள் பார்த்தார்கள். எப்படி நிலைப்பது என்று குத்தகைக்காரர்கள் பார்த்தார்கள். அறுவடைக் கூலித் தகராறில் ஒரு போலீஸ் ஜீப் பெரிய மதகடியிலேயே நின்றது. வரப்பில் இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் மூன்றாவது ஆள் திரும்பிப் பார்ப்பான்.

அந்த வருஷம் ஆற்றிலும் தண்ணீர் குறைவு. முறை வைத்து விட்டார்கள். நாலு நாள் தண்ணீர், பத்து நாள் அடைப்பு. கதிர் பால் பிடிக்கிற நேரத்து முறையில்தான் பிள்ளைகளுக்குக் கடற்கரை ஓரத்து மிஷன் பங்களாவில் மூன்று நாள் தியான முகாம் வந்தது. நான் போக வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம். லீவு கேட்டால் கிடைக்காது.

எங்கள் ஊர் மிராசுதாரின் காரியஸ்தர் மதகடிக்கு வந்தார். "என்ன லஸ்கரே, பிள்ளைங்கள்லாம் முகாம் போவுதாம், நீங்க போவலயா?"

"முறை நடக்குதுங்களே."

"நாலு பூட்டு, ஒரு சாவிக்கொத்து. இதுக்குப் போயி கவலப்படுவாங்களா? குடுத்துட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன். சாமி காரியம்."

சாமி காரியம் என்றதும் எனக்கு இனித்தது. சாவியைக் கொடுத்தேன். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. யாராவது நோட்டைப் பார்த்தால் நான் ஊரில் இல்லாதது தெரிந்துவிடுமே என்று, நாலு நாளுக்கும் முன்கூட்டியே எழுதி, கையெழுத்தும் போட்டு வைத்தேன். எல்லா மதகும் திறப்பு. நீர்மட்டம் இத்தனை. போதகர் வீட்டு அம்மா பிள்ளைகளை எங்கள் ஊரில் முதல் பஸ்ஸில் ஏற்றினார். நான் அடுத்த ஊர் வரை சைக்கிளில் போய் அதே பஸ்ஸில் ஏறினேன். யாரும் பார்க்கக் கூடாது என்று.

கடற்கரையில் மூன்று நாள், சொன்னதைச் செய்வது எப்படி என்று பிள்ளைகளுக்குப் பேசினேன். நன்றாகவே பேசினேன்.

நாலாம் நாள் காலை திரும்பினேன். சின்ன மதகில் பூட்டு தொங்கியது. அந்த மதகு பாய்ச்சுவது ஒரே ஒரு வயலுக்கு. அந்தப் பெண்ணின் அப்பா வயலுக்கு. வயல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. காரியஸ்தரைத் தேடிப் பிடித்துச் சாவி வாங்கித் திறக்கும்போது மத்தியானம். மேலே மட்டம் இறங்கிவிட்டது. மதகு வாயில் தண்ணீர் நக்கிவிட்டு நின்றது. வயலுக்கு ஏறவில்லை. பத்து நாளில் கதிரெல்லாம் வெளுத்துப் பதராக நின்றது.

அவள் அப்பா, அந்தப் பெரியவர், மூன்று நாளும் பூட்டடியில் நின்று கத்தியிருக்கிறார். "லஸ்கர் பூட்டிட்டுப் போயிருக்காரு, அவரக் கேளுங்க" என்று காரியஸ்தர் சொல்லியிருக்கிறார். பூட்டை உடைத்தால் பிடிக்க ஜீப் பக்கத்திலேயே நின்றது. அவரும் உடைக்கவில்லை.

பிறகுதான் எனக்கு முழுதும் புரிந்தது. தண்ணீர் வந்தும் பாய்ச்சாமல் பயிரைக் காயவிட்டார், சாகுபடியைக் கவனிக்காதவருக்குக் குத்தகை உரிமை இல்லை என்று நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார் மனுப் போட்டார். சாட்சி என் நோட்டு. பெரியவர் தாசில்தாரிடம், மதகு பூட்டியிருந்தது, லஸ்கர் ஊரிலேயே இல்லை, முகாமுக்குப் போய்விட்டார் என்று எழுதிக் கொடுத்தார். விசாரணைக்கு ஒரு புதன்கிழமையைக் குறித்தார்கள்.

காரியஸ்தர் வீட்டுக்கே வந்தார். உட்காரவில்லை.

"நோட்டு உங்க கையெழுத்து. அது பொய்யின்னா முதல்ல வேலை யாருக்குப் போவும்?"

நான் வாசல் கதவைச் சாத்தினேன்.

"முகாமுக்கு நீங்க கடைசி நாள்தான் போனீங்க. மத்த நாளெல்லாம் மதகுலதான் இருந்தீங்க. பிள்ளைங்ககிட்ட சொல்லி வைங்க. நீங்க சொன்னா கேக்காதா?"

கேட்கும். அதுதான் தொல்லை. பாட்டுப் பயிற்சிக்கு வந்த எட்டுப் பேரிடமும், பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னேன். "யாராவது கேட்டா, அண்ணன் கடைசி நாள்தான் வந்தாருன்னு சொல்லுங்க. ஆபீஸ் விஷயம், அவ்வளவுதான்." அந்தப் பெண்ணும் முன்வரிசையில் இருந்தாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்டயுமா சொன்னீங்க?"

"எல்லார்கிட்டயும்தான்."

"ஞாயித்துக்கிழமை எந்த மூஞ்சிய எடுத்துட்டுப் போவீங்க? வேற மூஞ்சி வச்சிருக்கீங்களா?"

"வேல போச்சுன்னா சோத்துக்கு என்ன பண்ணுவ நீ?"

"எங்கம்மா நடவு நட்டுத்தான் என்னய வளத்தா. எனக்கும் கை இருக்கு." களைந்த தண்ணீரை வாசலில் ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. பெஞ்சில் எட்டுப் பேர். முதலில் ஒரு பையன் எழுந்தான்.

"அம்மாவுக்குத் தண்ணி எடுத்துக் குடுக்கறேன்னு எழுதிக் குடுத்தேன்ணே. நாலு நாள் எடுத்தேன். அதுல மூணு நாள் போதகர் வீட்டு வழியா சுத்திப் போனேன்."

"ஏன்டா?"

"அவங்க பாக்கணும்ல."

"கொடத்துல தண்ணி இருந்துச்சா, இல்ல வெறுங்கொடமா?" என்று ஒரு பெண் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்து அந்தக் குத்தகைக்காரர் மகள் எழுந்தாள். சிரிப்பு தானாக நின்றது.

"பொய் சொல்றதில்லன்னு எழுதிக் குடுத்திருந்தேன்ணே." சீட்டை மடித்து மடித்துக் கையில் வைத்திருந்தாள். "வியாழக்கிழமை அப்பா கேட்டாரு. லஸ்கர் தம்பி அங்க எத்தன நாள் இருந்தாருன்னு. கடைசி நாள்தான் வந்தாருன்னு சொல்லிட்டேன்."

தண்ணீர் எடுத்த பையன்தான் மெதுவாகக் கேட்டான். "அப்பா என்ன சொன்னாரு?"

"அப்ப நான்தான் தப்பா நெனச்சுட்டேன் போலன்னாரு. சாப்பிடாம எழுந்து போயிட்டாரு." சீட்டை இன்னும் ஒரு மடிப்பு மடித்தபடி, "எனக்கு ரெண்டு பேரும் வேணும்ணே. என்ன பண்றதுன்னு தெரியல" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன்.

ஜெபம் செய்து வகுப்பை முடித்துவிடலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். எழுந்துகூட நின்றுவிட்டேன். அப்போது அந்தப் பையன் சொன்னான்: "அண்ணே, நீங்க ஒரு வாரம்கூட சொன்னதில்லயே."

குத்திக்காட்டவில்லை அவன். நிஜமாகவே கேட்டான்.

உட்கார்ந்துவிட்டேன். சாவியைக் கொடுத்தது, நாலு நாளை முன்கூட்டியே எழுதியது, அடுத்த ஊரில் பஸ் ஏறியது, அவர்களைப் பொய் சொல்லச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்று பயம் என்பதையும் சொன்னேன். முடித்ததும் அவளிடம், "உங்க அப்பாகிட்ட நெசத்தச் சொல்லிரும்மா" என்றேன்.

"நீங்க சொல்லச் சொன்னத ஒரு தடவ சொல்லிட்டேன்ணே," என்றாள். "இத நீங்களே சொல்லுங்க."

விசாரணைக்கு மூன்று நாள் இருந்தது. அவர் வீட்டு முனை வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். தைரியம் வரவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

புதன்கிழமை எங்கள் ஊர்ச் சாவடியில் விசாரணை. ஒரு பக்கம் மிராசுதாரும் காரியஸ்தரும். மறுபக்கம் பெரியவர், தோளில் துண்டில்லாமல், தனியாக. வாசலில் செங்கொடிக்காரர்களும் போலீஸும். தாசில்தார் நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"நாலு நாளும் மதகு திறந்திருந்ததுன்னு இருக்கு."

"இருக்குங்க." காரியஸ்தர் என்னையே பார்த்தார். "அது நடந்தத எழுதினது இல்லைங்க. நடக்கறதுக்கு முன்னாடியே எழுதினது. மூணு நாளும் நான் முகாம்ல இருந்தேன். சாவி என்கிட்ட இல்லைங்க. இவருகிட்ட இருந்துச்சு."

சாவடியில் ஒரே சத்தம். "வேலைக்காரப் பய புத்தி!" என்று ஒரு குரல். தாசில்தார் மேசையைத் தட்டினார். வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் மேல் ரெகுலேட்டரின் நோட்டை வரவழைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் அங்கே மட்டம் அரை அடி இறங்கியிருந்தது. என் நோட்டில் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. மனு தள்ளுபடி ஆனது. வயல் பெரியவரிடமே இருந்தது. என்னை அன்றைக்கே சஸ்பெண்ட் செய்யச் சொல்லி எழுதினார்கள்.

வெளியே வந்ததும் பெரியவர் என் முன்னால் நின்றார். கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன்.

"வயலு நின்னுச்சு தம்பி. சரி." போகத் திரும்பியவர் நின்றார். "என் பொண்ண எனக்கே எதிரா பேச வச்சீங்களே. அத எந்தத் தாசில்தார்கிட்ட மனுக் குடுக்கறது?"

போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அவள் வரமாட்டாள் என்றே நினைத்தேன். நானே போகக் கூடாது என்றிருந்தேன். உங்கள் அம்மாதான் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள். வகுப்பில் ஏழு பேர் இருந்தார்கள். ஆரம்பிக்கிற நேரத்தில் அவள் வந்தாள். பின்னாலேயே அவள் அப்பாவும் வந்து, கடைசிப் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்தார். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் முதலில் எழுந்தேன். "இந்தப் பொண்ண அவங்க அப்பாகிட்டயே பொய் சொல்ல வச்சேன். தாசில்தார் கேக்கறதுக்கு முன்னாடியே அவரு வீட்டுக்குப் போயி சொல்லியிருக்கணும். முனை வரைக்கும் ரெண்டு தடவ போனேன். உள்ள வரல." அவரைப் பார்த்துத்தான் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

அவர் எட்டுப் பேரும் சொல்லி முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தார். மகள் தன் சீட்டைப் படித்தபோது தலையை நிமிர்த்திக் கேட்டார். முடிந்ததும் எழுந்து, வாசலில் நின்று, அவளைப் பார்த்து, "வா, போவலாம்" என்றார். அவள் போய் அவர் பக்கத்தில் நடந்தாள். வாய்க்கால் கரையில் இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டு போனது தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

மூன்று மாதம் கழித்து வேலை திரும்பக் கிடைத்தது, வேதாரண்யம் பக்கத்தில், உப்பளத்து ஓரம். நீங்கள் மூன்று பேரும் அங்கே பிறந்தது அதனால்தான். கிளம்புகிற வரை அந்த வகுப்பை நான் எடுத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் முதலில் எழுந்து நின்றவன் நான்தான்.