சொன்ன நேரத்தில் அணையாத உலை

உலைக்காரருக்கு மகள் என்றால் உயிர். அவள் பார்க்கும் வேலையில்தான் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. இருவருக்கும் ஒரே பல்சக்கர ஆலை. அவர் கீழே எரிவாயு உலையில் எஃகைக் காய்ச்சினார். அவள் மாடியில் கம்ப்யூட்டருக்குள் காய்ச்சினாள். சூடு சக்கரத்தின் மையம்வரை போய்ச்சேர எவ்வளவு நேரமாகும், சூட்டில் கிடக்கக் கிடக்க எஃகுக்குள் இருக்கும் நுண்மணிகள் எப்படிப் பெரிதாக வளரும் என்றெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்து, இத்தனை காலமும் வீணாக எரித்துப் புகையைக் கிளப்பியிருக்கிறோம், பாதி நேரம் போதும் என்றாள். மேலாளர் அரைமனதாக ஒரே ஒரு சோதனைக்குத் தலையாட்டினார்.

சோதனையன்று அவள் சொன்ன நேரம் வந்ததும் உலைக்காரர் வால்வில் கை வைத்தார். வைத்த கையை எடுத்தும் விட்டார். சக்கரம் தேறாவிட்டால் பிள்ளை நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நிற்பாளே! வாயைத் திறக்காமல் வழக்கமான நேரம்வரை எரியவிட்டார். சக்கரங்கள் எல்லாம் தேறின. ஆலையே கைதட்டியது, மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் மகள் முகம் வாடி வந்து உட்கார்ந்தாள்.

"கேஸ் குறையவே இல்லப்பா. சக்கரத்தை வெட்டிப் பார்த்தா மணியெல்லாம் நான் சொன்னதைவிடப் பெருசா இருக்கு. என் கணக்கே தப்பு போல. மேனேஜர்கிட்ட சொல்லிட்டு இதோட விட்டுடறேன்."

அவர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"கணக்கு தப்பில்லம்மா. நான்தான் அணைக்கல. நீ தோத்துடக் கூடாதேன்னு..."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"காலையிலேர்ந்து தப்பு எங்கன்னு ஒவ்வொரு எண்ணா மாத்திப் பார்த்தேன்ப்பா. நீங்க அணைச்ச நேரத்தை மட்டும் தொடவே இல்ல."

பாவம், அந்த மனுஷனுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு நேரே மேலாளர் அறைக்குப் போனார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாலும், இன்னொரு சோதனைக்குச் சம்மதம் வாங்காமல் நகரவில்லை.

அந்தச் சோதனையில் நேரம் வந்ததும் வால்வைத் திருகினார்.

"இன்னும் கொஞ்சம் விடலாமேண்ணே?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"என் பொண்ணு போதும்னு சொல்லிட்டாப்பா."

பயம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் வால்வை இறுக்கி மூடிவிட்டு, சக்கரம் தேறுமா தேறாதா என்று தெரியாமலே, மகளைக் கூப்பிட மாடிப்படி ஏறினார்.