மாமி எழுதிய ஆங்கிலேயரின் வாழ்க்கை

நோர்வேயில், ஒஸ்லோ நகரின் புருசெத் பகுதியில் மாமி இருந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடம் இருந்ததில்லை. நூலகத்திலிருந்து எடுத்துவந்த தடித்த ஆங்கிலப் புத்தகங்கள் அதில் பரவிக் கிடக்கும். தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் சாப்பிடுவோம். மாமி என் அப்பாவின் அக்கா. ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர். இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. வேலை முடிந்து வந்ததும் ஓர் ஆங்கிலேயரின் வாழ்க்கையைத் தமிழில் எழுத உட்காருவார். விக்டோரியா மகாராணி காலத்தில் நட்சத்திரம், எரிமலை, தேனீ, நீராவி இயந்திரம் என்று பதிப்பாளர் எதைக் கேட்டாலும் சாதாரண சனத்துக்கு விளங்குகிற மாதிரிப் புத்தகம் எழுதிக் கொடுத்தவர் அவர். எழுதினால்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும். இப்போது அவருடைய ஊரிலேயே அவரை யாருக்கும் தெரியாது. "அதுக்காகத்தான் எழுதுறன்" என்பார் மாமி.

மாமியின் ஒரே மகன், என் அத்தான், இலங்கையில் வன்னியில் இருந்தார். இறுதிப் போர் நடந்த அந்த வருடம் அவருடைய தொலைபேசி அழைப்புகள் நின்றுபோயின. போரை நிறுத்தக் கேட்டு நாங்கள் நோர்வே பாராளுமன்றத்துக்கு முன்னால் குளிரில் போய் நின்றோம். மாமி ஒருநாள் வந்தார், பிறகு வரவில்லை. மேசையிலேயே இருந்தார். ஆனால் எழுத்து ஓடவில்லை. அந்த ஆங்கிலேயரின் மகன் கப்பல் வேலைக்குப் போய்க் கடலில் இறந்தவன். அந்த அத்தியாயத்தின் தலைப்பை மட்டும் எழுதிவிட்டு, வாரக்கணக்காக அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மே மாதக் கடைசியில் செய்தி வந்தது. அத்தானோடு பதுங்குகுழியில் இருந்த ஒருவர் முகாமிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார். உடல் இல்லை. தேவாலயத்தில் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு வந்த பின்னேரம் மாமி என்னை மேசைக்குக் கூப்பிட்டார்.

"பிள்ளை, எனக்கு எழுத ஓடுதில்லை. நான் சொல்லுறன், நீ எழுது."

"இண்டைக்கே வேணுமோ மாமி?"

"ஓம். இண்டைக்குச் சொல்லாட்டி நான் ஒருநாளும் சொல்லமாட்டன்."

ஆங்கிலேயரின் மகன் துறைமுகத்தில் தாயிடம் விடைபெற்றதைச் சொன்னார். தந்தி வந்ததைச் சொன்னார். பிறகு அதே குரலில், அவன் மெலிந்தவன், சிரித்தால் தாடையிலுள்ள தழும்பு வெளிறித் தெரியும், சின்ன வயதில் கிணற்றுக்கட்டில் விழுந்து வந்தது என்றார். அது அத்தானின் தழும்பு. என் பேனா நின்றது.

"எழுதினியே?" மாமி யன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

எழுதினேன்.

அடுத்த வருடம் புத்தகம் அச்சுக்குப் போனபோது, அச்சுப்படி திருத்தியவர் அந்தத் தழும்பு வரிக்குக் கீழே கோடிட்டு, இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டிருந்தார். மாமி அதன் பக்கத்தில், "நான் கண்டனான்" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.