காலிச் சத்தம்

ஓர் எவர்சில்வர் ஸ்பூன். பொம்மனஹள்ளியில் அக்கா வீட்டு அடுக்களையிலிருந்து அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாமா ஊர் ஊராகப் போனார், படகு வாங்க. பாய்மரப் படகு. பழையதாக இருக்க வேண்டும், ஓய்வுப் பணத்துக்குள் அடங்க வேண்டும், இரண்டு பேர் படுத்து எழுந்து சோறு பொங்கிக்கொள்ள உள்ளே ஓர் அறை வேண்டும்.

மாமா என்றால் அக்காவின் கணவர். எங்கள் எல்லோருக்கும் தங்கவயல்தான் ஊர். இளவயதில் சில வருடம் சுரங்கத்தின் அடியில் வேலை பார்த்தார். சுரங்கம் மூடியதும் பொம்மனஹள்ளிக்கு வந்து, தையல் தொழிற்சாலையில் மெஷின் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றார். தலைக்கு மேல் கல்லோடு வாழ்ந்த மனிதருக்குத் தலைக்கு மேல் ஒன்றுமே இல்லாத இடம் தேவைப்பட்டது. மழைக்காலம் முடிந்ததும் மங்களூரில் பாயை ஏற்றி, கரையைக் கண்ணிலிருந்து விடாமல் கொச்சி வரை போவது திட்டம். காற்றுக்குக் காசில்லை, மீன் மலிவு, வாடகை கிடையாது. கடலோரப் பயிற்சி முகாம் ஒன்றில் படகு ஓட்டவும் கற்றுக்கொண்டு வந்துவிட்டார். இதையெல்லாம் சொல்லும்போது நடுநடுவே இருமுவார். அக்காவின் காது படகுக் கதையில் இருக்காது, அந்த இருமலில் இருக்கும்.

“மாடி ஏறவே மூச்சு வாங்குது. இவரு காத்த நம்பிக் கடலுக்குப் போறாராம்” என்பாள்.

மங்களூர், கார்வார் என்று அவரோடு நானும் அலைந்தேன். பாய்த்துணியை வெயிலில் விரித்துப் பார்ப்பார், பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளில் துரு தேடுவார், மேல்தளத்தைக் குதிகாலால் அழுத்துவார். எல்லாம் சரியாக இருக்கும். கடைசியில் ஸ்பூனை எடுத்துப் படகின் வயிற்றில் தட்டிக் காதை வைப்பார். முகம் விழுந்துவிடும். “காலி.”

சுரங்கத்தில் வேலை தொடங்குமுன் கூரைக்கல்லை இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். உறுதியான கல் கணீரென்று பேசும். பாறையிலிருந்து பின்பக்கம் விட்டுப்போன கல் காலிச் சத்தம் போடும். தட்டிப் பார்க்காத ஒரு கல்லின் கீழேதான் மாமாவின் அப்பா போனார். “சத்தம் காலின்னா ஆளு காலி, மச்சான்” என்று சிரித்துவிட்டு ஸ்பூனைத் துடைத்துப் பையில் போடுவார். என் காதும் அதே ஊர்க் காதுதான். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது.

கடைசிப் படகு எங்கள் நகருக்குள்ளேயே, அடுகோடியில் கிடைத்தது. கடலே இல்லாத ஊரில். ரிப்பேருக்காக யாரோ லாரியில் ஏற்றி வந்து, பிறகு திரும்பிப் பார்க்காமல் போன படகு. ஒர்க் ஷாப் நடத்தும் பாய் அதை விற்றுக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றிருந்தார். மாமா உள்ளே ஏறி, சிறிய படுக்கையில் மல்லாந்து, திறந்த மேல்மூடி வழியே வானத்தைப் பார்த்தபடி கிடந்தார். இருமல் வரவில்லை. வாங்கிவிட்டார் என்றே நினைத்தேன். இறங்கி வந்தார், ஸ்பூனை எடுத்தார்.

“என்னா சார், தேங்கா வாங்க வந்தீங்களா?” என்றார் பாய்.

“தேங்கான்னா ஆட்டிப் பாத்திருப்பேன் பாய்.”

“இத ஆட்டக் கடல் வேணுமே. அடுகோடில எங்க போறது?”

மூவரும் சிரித்தோம். மாமா முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனார். “எல்லாமே காலி, மச்சான். போலாம்.” அன்று அக்கா பாயசம் வைத்தாள்.

மழை தொடங்கியபோது அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சின்ன வயது டாக்டரம்மா அவர் முதுகில் விரலை வைத்து, இன்னொரு விரலால் தட்டிக்கொண்டே இறங்கினார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மாமா சடக்கென்று திரும்பினார்.

“காலியா இருக்கா மேடம்?”

“காலியா இருந்தா சந்தோஷம் அங்கிள். காத்து இருக்கற எடம் அப்படித்தான் கேக்கணும். இங்க பாருங்க, கட்டையாட்டம் கேக்குது. தண்ணி கட்டியிருக்கு.”

டாக்டரம்மா போனதும் மாமா கட்டில் சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “மச்சான், மெதக்கறது காலியாத்தான இருக்கணும்? நான் கல்லத் தட்டற மாரி தட்டியிருக்கேன். அது நல்ல படகுய்யா.”

நல்ல படகுதானா என்று எனக்கு இன்னமும் தெரியாது. மறுநாள் நீரை எடுக்கக் குழாய் போட்டதும், படகு விற்காமல் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார் மாமா. அங்கேயே நின்று பாய்க்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன். இருக்கிறதாம். தார்ப்பாய் கிழிந்து உள்ளே மழைத்தண்ணீர் நிறைந்து கிடக்கிறதாம். “எறச்சிட்டா ஒண்ணுமில்ல சார். வர்றீங்களா?”

மாமாவின் விலாவிலிருந்து குழாய் வழியாகக் கட்டிலடிப் பாட்டிலில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். “எறச்சி வைங்க பாய். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க.”

கஞ்சி குடிக்க அந்த ஸ்பூனையேதான் கேட்டு வாங்கிக்கொண்டார். குடித்து முடித்ததும் துடைத்து, தன் விலாவில் தட்டிக் கேட்கிறார். சில நாள் அக்காவும் குனிந்து காது வைக்கிறாள்.

“இன்னும் காலியாவல, மச்சான்” என்கிறார்.

எந்தக் காலியைச் சொல்கிறார் என்று நான் கேட்பதில்லை.