சிசிலி ஒப்புக்கொண்ட ஏழு குற்றங்கள்

ஹனோவரில் வயதானவர்களின் வீடு வீடாகப் போய் அவர்களைப் பராமரிக்கிற சிசிலிக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவர் ஞானப்பிரகாசம் காலமாகி ஒன்பது வருடம். பிள்ளைகள் இல்லை. அந்த ஒன்பது வருடத்தில் அவளை ஆசையாகப் படம் பிடித்தது ஒரே ஒரு ஆள்தான். தெருவோரம் ஒளிந்து நின்று, வேகமாகப் போகிற காரைப் பளிச்சென்று பிடிக்கிற கமரா. முப்பதில் போகவேண்டிய தெருவில் முப்பத்தொன்பதில் போனாள் என்று நான்கு தடவை எடுத்து, நான்கையும் தண்டக் கடிதத்தோடு வீட்டுக்கே அனுப்பிவைத்தது. கலியாண வீட்டில் படம் எடுக்கிறவர்கள்கூட அவ்வளவு ஒழுங்காக அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த நான்கோடு, கண்ட இடத்தில் காரை நிறுத்தியதற்கு மூன்று. ஆக மொத்தம் ஏழு.

ஏழும் பெட்டிக்குள் பேசாமல் கிடந்திருக்கும், அவள் ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் இருந்திருந்தால். ரொறன்ரோவில் அவளுடைய அக்கா லவினியாவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி. சகோதரிகள் ஒருவரையொருவர் பார்த்து முப்பத்தொரு வருடம். அகதிக்குக் கொடுத்த பயணப் புத்தகத்தோடு சிசிலி இரண்டு தடவை கனடா விசா கேட்டாள். இரண்டு தடவையும் இல்லையென்றார்கள். ஜெர்மன் பாஸ்போட் கையில் இருந்தால் அப்படிக் கெஞ்சத் தேவையில்லை. அக்கா இருக்கும்போதே போய்ச் சேரவேண்டும். அவ்வளவுதான் அவளுடைய ஆசை.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: தண்டனை ஏதும் பெற்றிருக்கிறீர்களா?

தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கையில் கம்சனாவிடம் கேட்டாள். சின்ன வயதிலேயே இங்கே வந்து வளர்ந்த கம்சனா, போன வருடம்தான் குடியுரிமை எடுத்தவள்.

"சிசிலி அக்கா, அதெல்லாம் குற்றமே இல்லை. வாயைத் திறக்காமல் இருந்திட்டு வாங்கோ."

"உனக்குத் தெரியாது பிள்ளை. பிறேமனிலை ஒராள் பார்க்கிங் தண்டத்தைச் சொல்லேல்லையாம். குடுத்த பாஸ்போட்டைத் திருப்பிப் பறிச்சுப்போட்டாங்களாம்."

"அந்தாள் போன மாசம் ஸ்ருட்கார்ட்டிலை எல்லோ இருந்தவர்? அதுக்கு முதல் பாரிஸிலை. ஒரு இடத்திலையும் நிக்கிறாரில்லை, பாவம்."

"நீ சிரி. மறைச்சது பிடிபட்டால் பிறகு அழவும் ஏலாது."

கம்சனா சிரித்தாள். சிசிலியால் முடியவில்லை. அந்தக் காலத்து அகதி விசாரணை ஆறு மணித்தியாலம் நடந்தது. மன்னாரில் அவளுடைய ஊர்க் கோயில் கதவுக்கு என்ன நிறம் என்பதுவரை கேட்டார்கள். ஒரு திகதியை மாற்றிச் சொன்னதற்காக வழக்கு ஏழு வருடம் இழுபட்டது. அன்றைக்குப் பிறகு பேருந்துச் சீட்டைக்கூட அவள் வீசியதில்லை. அதற்கும் மேலே, குருவானவரிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ப் பழகியவள். ஒரு பாவத்தை ஒளித்தாலும் சொன்ன மற்றவை செல்லாது என்று படித்து வளர்ந்தவள். ஆகவே ஏழையும் விரல் மடக்கி எண்ணி, ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஜெர்மன் மொழியில் எழுதி, ஒரு மாதம் சமையலறையில் மனனம் செய்தாள்.

குடியுரிமை அலுவலகத்தில் அவளை வரவேற்றவன் லூக்காஸ் என்ற இளம் அதிகாரி. நல்ல சுபாவம். பெயர், முகவரி, சம்பளம், வீட்டில் எத்தனை பேர்? ஒருவர். கேள்விகள் பத்து நிமிடத்தில் ஓடி முடிந்தன.

"தண்டனைகள்?"

சிசிலி கடிதக் கோப்பை மேசையில் வைத்தாள். "ஏழு."

தட்டச்சில் இருந்த அவன் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. "ஏழா?"

முதலாவதை எடுத்துப் படித்தான். முகம் தளர்ந்தது. "இது கார் நிறுத்தியதற்கு."

"ஓம். மருந்துக்கடைக்கு முன்னால். பதினொரு நிமிடம்."

"இவற்றை நாங்கள் கேட்பதே இல்லை. இவை தண்டனைக் கணக்கில் வராது."

"நான் மறைத்ததாகப் பிறகு சொல்லக்கூடாது. எல்லாவற்றையும் பாருங்கள்."

அவளுடைய மனத்திருப்திக்காக அவன் புரட்டினான். கமராப் படங்கள் வந்த இடத்தில் மெதுவானான். நான்கையும் வரிசையாகப் பரப்பினான்.

"எல்லாவற்றிலும் வாய் திறந்திருக்கிறதே. தொலைபேசியா?"

சிசிலி படத்தில் விரலை வைத்தாள். "இல்லை! இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கிறது, பாருங்கள்."

"அப்படியானால் யாருடன் பேசுகிறீர்கள்?"

நான்கு படத்திலும் பக்கத்து இருக்கையில் அவளுடைய கைப்பைதான் இருந்தது, பெல்ட் போட்டபடி. இந்தக் கேள்வி அவள் மனனம் செய்ததில் இல்லை. ஆனால் ஒன்றும் ஒளிப்பதில்லை என்றுதானே வந்தாள்.

"ஒருவருடனும் இல்லை," என்றாள். "வீட்டில் தனியே கதைத்தால் மேல்மாடிக்காரருக்குக் கேட்கும். வெட்கம். அதனால் காரில் கதைப்பேன். கதை ருசிக்கிற இடத்தில் கால் கொஞ்சம் அழுத்திவிடுகிறது."

லூக்காஸ் எதையோ தட்டச்சு செய்தான்.

"அதை எழுதிவிட்டீர்களா?"

"தண்டனை எதுவும் இல்லை என்று எழுதினேன். மற்றதற்கு இந்தப் படிவத்தில் இடம் இல்லை." கோப்பை அவள் பக்கம் தள்ளினான். "தடை ஒன்றும் தெரியவில்லை. மூன்று மாதத்தில் கடிதம் வரும்."

மூன்று மாதம். பிறகு பாஸ்போட், பிறகு அக்கா. துள்ளிக்கொண்டு எழுந்து போயிருக்க வேண்டும். இந்தச் செய்தியைக் கேட்க ரொறன்ரோவில் இன்னும் விடியவில்லை. கம்சனா வேலையில். வெளியே கார் மட்டும் நின்றது. ஒரு மாதமாகத் திருத்தித் திருத்திப் பாடமாக்கிய ஏழு கதைகளும் தொண்டைக்குள்ளேயே குவிந்து கிடந்தன.

அவள் எழும்பவில்லை. "அடுத்தவர் எப்போது வருவார்?"

லூக்காஸ் மணியைப் பார்த்தான். "இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது."

சிசிலி கதிரையை முன்னுக்கு இழுத்தாள். கோப்பை மறுபடி முதலாம் கடிதத்துக்குத் திருப்பினாள். "இது தை மாதம். பனி கொட்டின நாள். நான் பராமரிக்கப் போகிற ஒரு கிழவிக்கு அன்றைக்கு மருந்து முடிந்துவிட்டது..."

அவன் தட்டச்சிலிருந்து கையை எடுத்து மேசையில் வைத்தான். நான்கு நிமிடம் முடிந்து கதவு தட்டப்பட்டபோது, அவள் இன்னும் மருந்துக்கடைக்குப் பக்கத்தில் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தாள்.