கலியமூர்த்தி ஊற்றிய தண்ணீர்

வீட்டு புரோக்கர் தொழிலில் விலை பேசுவது சுலபம். விலை படிந்த பிறகு, 'இந்த ரிப்பேரை யார் செய்வது' என்று இரண்டு தரப்பும் முறைத்துக்கொள்ளும்போதுதான் நம் வேலையே ஆரம்பம். வீடு விற்றவர்கள், வாங்கியவர்கள் எல்லோருக்கும் இந்தப் பாடு தெரிந்திருக்கும். எனக்குக் கூடுதலாக இன்னொரு பாடு உண்டு. அதன் பெயர் கலியமூர்த்தி. பெரம்பலூரில் எனக்குப் பிறகு தொழிலுக்கு வந்தவர், அரியலூர்க்காரர். டீக்கடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அவர் போன்தான் அடிக்கும்.

மொட்டை மாடி

துறைமங்கலத்தில் ஒரு வீடு. பார்க்க வந்தவர் ரிட்டயர்டு வாத்தியார். ஹாலுக்கு மேலே இருந்த கறையைக் காட்டி, "ஒழுகுமா?" என்றார். "பழைய கறை சார், பெயின்ட் அடிச்சா போயிரும்" என்றேன். போனவர் போனவர்தான்.

அப்புறம் அதே வீட்டை அவருக்கே கலியமூர்த்தி முடித்துக் கொடுத்தார். வாத்தியார் கண்ணெதிரே மாடியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, எங்கே சொட்டுகிறது என்று காட்டினாராம். ஒழுகாமல் மாடியில் தட்டு ஓடு பதிப்பது விற்பவர் பொறுப்பு, உள்ளே பெயின்ட் வாங்குபவர் பொறுப்பு என்று அங்கேயே பேசி முடித்தாராம். பஸ் ஸ்டாண்டில் வாத்தியாரைப் பார்த்தபோது பொறுக்க முடியாமல் கேட்டேன், "நான் காட்டுன வூடுதானே சார்?" அவர் கோபப்படவே இல்லை. "நீங்க ஒழுகாதுன்னு சொன்னீங்க. அவரு எங்க ஒழுகுதுன்னு காட்டுனாரு."

நானும் ஒரு குடம்

கீழப்பழுவூர் வீட்டில் வாங்குபவருக்கு ஒரே குறை, பின்வாசல் கதவு நிலையில் கரையான். மாற்றித் தருகிறேன் என்று வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். அட்வான்ஸ் கைமாற வேண்டியதுதான் பாக்கி. எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. கலியமூர்த்தி செய்ததை நான் செய்ய முடியாதா என்ன? "மாடியையும் பாத்துருவோம்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

நான் இறங்கி வருவதற்குள் வாங்குபவரின் மனைவி புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று இருவரும் வண்டியை எடுத்தார்கள். வீட்டுக்காரர் காலிக் குடத்தை என்னிடமிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார். "கதவத்தானே கேட்டாங்க. தண்ணி ஊத்தச் சொல்லி உங்கள யாருங்க கேட்டா?"

என் வீடு

மகள் படிப்புக்காக டவுனோடு போய்விடலாம் என்று திருமானூரில் இருந்த எங்கள் வீட்டை விற்க முடிவு செய்தோம். பிடித்துப்போன ஒரே குடும்பம் யாரோடு வந்தது தெரியுமா? கலியமூர்த்தியோடுதான். பாத்ரூமில் வாட்டம் சரியில்லை, தண்ணீர் வெளியே வருகிறது, இடித்துப் போட்டுத் தர வேண்டும் என்றார்கள். ஆயிரம் பேருக்கு நான் சொல்லும் சமாதானம் எதுவும் என் வாயில் வரவில்லை. "இருக்கறபடிதான் தருவேன், புடிச்சா வாங்குங்க" என்றேன்.

கலியமூர்த்தி என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனார். "அண்ணே, அவங்க அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சு இப்பதான் எந்திரிச்சு நடக்குறாரு. ஈரத்துல வழுக்கிரும்னு பயப்படுறாங்க. உங்க வூட்டக் கொற சொல்லல" என்றார். இதை அவர்களிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. ஒப்புக்கொண்டேன். ஆனாலும் அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்க அடிவயிறு எரிந்தது. மறுநாள் கொத்தனார் பாத்ரூமை இடித்துக்கொண்டிருக்க, என் மனைவி காபியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "குடி வந்த நாளா நானும் இதத்தான் சொல்றேன். அவரு ஒரு தடவ சொன்னாரு, செஞ்சிட்டீங்க."

சாவி

பத்திரம் முடிந்து சாவி கொடுக்கப் போனோம். புது டைல்ஸ், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாசல் தாண்டவில்லை. அந்தப் பெரியவர் கம்பியைப் பிடித்தபடி உள்ளே போய், தானாகவே வெளியே வந்தார். மகன் பின்னாலேயே நின்றார், தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம், நான் இருந்தவரை இப்படி இல்லாத வீடு அடுத்தவர் கைக்குப் போகும்போது இப்படி ஆகிவிட்டதே என்று அந்தப் பெரியவர்மேலும் பொறாமை. பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவ்ளோ நல்ல வூட்ட ஏன் தம்பி வித்தீங்க?"

இந்த இரண்டு மாவட்டத்திலும் எந்த ஒழுகலுக்கும் ஆள் கூட்டி வந்துவிடுவேன், என் வயிற்றெரிச்சலுக்குத்தான் இன்னும் ஒரு கொத்தனார் கிடைக்கவில்லை.